பிரதி எங்கே இருக்கிறது?

சில வாரங்களுக்கு முன்னர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முல்லைத்தீவிலிருந்து ஓர் அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். 2003ஆம் ஆண்டில், போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலத்தில், ஊர் திரும்பிய மீனவக் குடும்பங்களைப் பற்றிய ஒரு கட்டுரைத் தொடருக்காக அவரது வீட்டுக்குச் சென்றிருந்தேன். அன்று அவரது கணவர் வள்ளத்தின் அணியத்தில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்த காட்சியைப் படம் பிடித்தேன். கட்டுரை வெளிவந்த பின்னர் அப்படத்தின் பிரதி ஒன்றைக் கழுவித் தபாலில் அனுப்பியும் வைத்தேன். அடுத்த ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி அந்த மனிதரையும், அந்த வீட்டையும், அந்தப் படத்தையும் கடல் ஒரே காலையில் எடுத்துக்கொண்டது.

எமது முன்னாள் பிரதேச நிருபர் ஒருவரிடம் எனது இலக்கத்தைப் பெற்றுக்கொண்டதாக அம்மையார் சொன்னார். பின்னர் விடயத்துக்கு வந்தார்.

“கடைக்குட்டிக்குக் கலியாணம் தம்பி. அவளுக்குத் தகப்பன்ர முகம் தெரியாது. நீங்கள் எடுத்த அந்தப் படம் இன்னும் உங்களிட்டக் கிடக்கோ?”

“ஓம் அக்கா, கிடக்கு. இண்டைக்கே அனுப்பிவிடுறன்” என்றேன்.

அவ்வாறு உறுதியளிப்பதற்கு என்னிடம் காரணம் இருந்தது. எனது எழுத்தறையின் மூலையில், புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டில், 2021ஆம் ஆண்டு முதல் ஒரு சேமிப்பு வழங்கி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. வழங்கி, அதாவது சேர்வர் என்றதும் பெரும் நிறுவனங்களின் குளிரூட்டப்பட்ட அறைகளை எவரும் கற்பனை செய்ய வேண்டியதில்லை. அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட பழைய மேசைக் கணனி; அதற்குள் புதிதாக வாங்கிப் பூட்டிய, தலா நான்கு டெராபைட் கொள்ளளவுடைய இரண்டு வன்தட்டுகள்; டெபியன் லினக்ஸின் மீது இயங்கும் ஓப்பின்மீடியாவோல்ட் என்ற இலவச மென்பொருள்; வீட்டின் இணைய ரவுட்டருடன் அதனை இணைக்கும் ஒரு கேபிள். இவ்வளவுதான் அதன் உடல். வீட்டிலுள்ள எந்தக் கணனியிலிருந்தும் அதனுள் கோப்புகளை வைக்கலாம், எடுக்கலாம்.

அதனுள் இருப்பது ஏறத்தாழ முப்பது ஆண்டுகாலத் தொழில் வாழ்க்கை. கட்டுரை நறுக்குகள், குறிப்பேடுகளின் பிரதிகள், ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய நேர்காணல்கள், படச்சுருள்களிலிருந்து ஸ்கேன் செய்த புகைப்படங்கள். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு பிறப்பிக்கப்பட்டு வீட்டுக்குள் அடைபட்டிருந்த வாரங்களில் ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டுக் கணனிக்கு மாற்றினேன். முல்லைத்தீவுப் படத்தை அதற்கும் பல ஆண்டுகளுக்கு முன்னரே ஸ்கேன் செய்திருந்தேன். அதன் மூலப் படச்சுருள், கொலன்னாவையில் உறவினர் வீட்டில் வைத்திருந்த பெட்டியுடன் 2016 மே மாதத்தில் களனி கங்கை பெருக்கெடுத்தபோது சேறாகிப் போனது. ஆகவே, அந்த மனிதரின் முகம் இவ்வுலகில் இருந்த ஒரேயோர் இடம் எனது அலுமாரியின் கீழ்த்தட்டு.

கோப்பைத் திறந்தேன். திறப்பதற்கு வழமையை விட நீண்ட நேரம் எடுத்தது. வானம் தெரிந்தது. வள்ளத்தின் அணியம் தெரிந்தது. அதற்குக் கீழே, முகம் இருக்கவேண்டிய இடம் முதல் படத்தின் அடிவரை, வெறும் சாம்பல் நிறம்.

இப்பத்தியை எழுதுபவன் கலைப்பட்டதாரி. மின்சுற்று வரைபடத்தை விளங்கிக்கொள்ளும் அறிவு எனக்கு இன்றும் கிடையாது. தவறு செய்தவன் என்ற தகுதி மாத்திரமே இதனை எழுதுவதற்கு எனக்குண்டு. ஆயினும், இன்று எமது வீடுகளிற் பலவற்றில் குடும்பப் படங்களும் ஆவணங்களும் இவ்வாறான ஒரு பெட்டிக்குள்தான் குவிந்து கிடக்கின்றன. அப்பெட்டியை வைத்திருப்போர், ‘எல்லாம் பத்திரமாக இருக்கிறது’ என்று என்னைப் போலவே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலில், இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் மேகச் சேமிப்பு இருக்கும்போது வீட்டில் எதற்கு ஒரு வழங்கி என்று நண்பர்கள் கேட்பதுண்டு. எனக்கு இரண்டு காரணங்கள். எனது ஒலிநாடாக்களில் பேசியிருப்போரில் பலர், தமது பெயர் வெளிவராது என்ற எனது வாக்கை நம்பிப் பேசியவர்கள். அந்தக் குரல்களை முன்பின் அறியாத ஒரு நிறுவனத்தின் கையில் அப்படியே ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை. மற்றையது பணம். இவ்வாறான சேவைகளின் மாதக் கட்டணம் பெரும்பாலும் டொலரில் அறவிடப்படுகின்றது. 2022 மார்ச் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டிய கதையை இந்நாட்டில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். கட்டணம் செலுத்தத் தவறினால் கணக்கு மூடப்படும். எனது ஆவணங்களின் ஆயுள் நாணய மாற்று வீதத்தில் தங்கியிருப்பதை நான் விரும்பவில்லை. இவ்விரு காரணங்களும் இன்றும் சரியானவை என்றே கருதுகிறேன். ஆனால், வெளியாரிடம் கொடுக்காமல் வைத்திருப்பதும் அழியாமல் வைத்திருப்பதும் ஒன்றென நான் எண்ணிக்கொண்டேன். அங்குதான் பிழை தொடங்கியது.

வழங்கியை நிறுவுவதில் எழுந்த தொடக்கச் சிக்கல்கள் அற்பமானவை. எனினும் புதியவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் மூன்றைக் குறிப்பிடுகிறேன். மின்சாரம் நின்று மீண்டும் வரும்போதெல்லாம் வழங்கி ‘காணாமல்’ போனது. உண்மையில் அது எங்கும் போகவில்லை. ரவுட்டர் ஒவ்வொரு தடவையும் அதற்குப் புதியதொரு முகவரியைக் கொடுத்தது. எனது கணனியோ பழைய முகவரியில் தேடிக்கொண்டிருந்தது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அதற்கென ஒரு முகவரியை நிரந்தரமாக ஒதுக்கியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது.

இரண்டாவது, வேகம். ஒரு டெராபைட் அளவான கோப்புகளைப் பிரதி செய்ய முழுதாக ஒரு நாள் எடுத்தது. செக்கனுக்கு ஏறத்தாழ 11 மெகாபைட். வன்தட்டைக் குறை கூறினேன், மென்பொருளைக் குறை கூறினேன். குற்றவாளி கேபிள். வலையமைப்புக் கேபிளுக்குள் எட்டு இழைகள் உண்டு. கிகாபிட் வேகத்துக்கு எட்டும் வேண்டும். அவற்றில் ஒன்று தொடுப்பற்றுப் போனாலும் கருவிகள் சத்தமின்றி நான்கு இழைகளில் ஓடும் பழைய வேகத்துக்கு இறங்கிவிடும். எதுவும் பழுதானதாகத் தெரியாது. எல்லாம் பத்து மடங்கு மெதுவாக நடக்கும். கேபிளை மாற்றியதும் அதே வேலை இரண்டரை மணித்தியாலத்தில் முடிந்தது.

மூன்றாவது, எனது பழைய ஸ்கேனர் வழங்கியுடன் பேச மறுத்தது. கோப்புகளைப் பகிர்வதற்கான எஸ்.எம்.பி. என்ற மொழியின் முதலாம் பதிப்பை மாத்திரமே அதற்குத் தெரியும். அந்தப் பதிப்பிலிருந்த ஓட்டை வழியாகவே 2017 மே மாதத்தில் ‘வனாக்ரை’ என்ற தீநிரல் உலகெங்கும் பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளைக் கூட முடக்கியது. பழைய பதிப்பை வழங்கியில் அனுமதித்தால் ஸ்கேனர் வேலை செய்யும் என்றார்கள். ஸ்கேனரின் வசதிக்காக வாசற்கதவைக் கழற்றி வைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். இந்த ஒரு முடிவையாவது சரியாக எடுத்திருக்கிறேன்.

பெரும் பிழை வேறு. இரண்டு வன்தட்டுகளையும் ‘றெயிட்’ முறையில் இணைத்திருந்தேன். ஒன்றில் எழுதப்படுவது அக்கணமே மற்றையதிலும் எழுதப்படும். ஒன்று செத்தாலும் மற்றையது தொடர்ந்து இயங்கும். 1988ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பேர்க்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பற்றர்சன், கிப்சன், கட்ஸ் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையே இப்பெயரைப் பிரபலமாக்கியது. விலையுயர்ந்த ஒரு பெரிய வட்டுக்குப் பதிலாக, மலிவான பல வட்டுகளைச் சேர்த்து வேகத்தையும் நம்பகத்தையும் பெறுவது அவர்களது நோக்கம். ஒரு வட்டு போனாலும் வேலை நிற்காதிருப்பதற்கான ஏற்பாடு அது. நானோ அதனைக் காப்புப்பிரதி என்று எண்ணினேன். இரண்டு வட்டு, இரண்டு பிரதி என்பது எனது கணக்கு.

2022 வந்தது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. வழங்கிக்கு யு.பி.எஸ். வாங்கி வைத்திருந்தேன். ஆனால் யு.பி.எஸ். என்பது கால் மணித்தியாலம், மிஞ்சினால் அரை மணித்தியாலம் தாங்கும் கருவி. அந்தச் சிறு இடைவெளியில் வழங்கி ஒழுங்காகத் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும். மின்சாரம் நின்றுவிட்டது என்பதை யு.பி.எஸ். வழங்கிக்கு அறிவிப்பதற்கென ஒரு யு.எஸ்.பி. கேபிள் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதனை நான் பூட்டவில்லை; பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவும் இல்லை. ஆகவே, ஒவ்வொரு மின்வெட்டிலும் பற்றரி தீரும்வரை ஓடி, பின்னர் எழுதிக்கொண்டிருந்த இடத்திலேயே வழங்கி திடீரென நின்றது. யு.பி.எஸ். செய்ததெல்லாம் அந்தத் திடீர் மரணத்தை இருபது நிமிடம் தள்ளிப்போட்டது மாத்திரமே. நாள்தோறும் முற்றாக வற்றி மீண்டும் நிரம்பிய ஈயப் பற்றரியும் சில மாதங்களிலேயே நலிந்துபோனது.

இதற்கிடையில் இன்னொன்றும் நடந்தது. வழங்கிக்கு ஏதேனும் நேர்ந்தால் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும்படி 2021இல் அமைத்திருந்தேன். அது எனது மின்னஞ்சல் கணக்கின் சாதாரணக் கடவுச்சொல்லைப் பயன்படுத்தியது. அவ்வாறு வெறும் கடவுச்சொல்லுடன் வேறு கருவிகள் உள்நுழைவதை அந்த மின்னஞ்சல் சேவை 2022 மே 30 முதல் நிறுத்தியது. பாதுகாப்பு கருதிய நியாயமான முடிவு அது. முன்கூட்டியே அறிவித்தும் இருந்தார்கள். எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற அந்த நாட்களில் அந்த அறிவித்தலை வாசிக்க எனக்கு நேரம் இருக்கவில்லை. அன்று முதல் எனது வழங்கி ஊமையானது. அதனிடமிருந்து மின்னஞ்சல் வராததை, எல்லாம் நலமாக இருப்பதன் அடையாளமாக நான் எடுத்துக்கொண்டேன். செய்தியாளனாக இருந்தும், ஒரு பிரதேசத்திலிருந்து செய்தி வரவில்லை என்றால் அங்கு ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளல்ல என்பதை மறந்துபோனேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சாம்பல் நிறப் படத்தின் முன்னால் அமர்ந்திருந்த எனக்கு முதலில் தோன்றியது, வழங்கியை நிறுத்தி மீண்டும் போடலாம் என்பதே. நல்லவேளையாக அதற்கு முன்னர் மெல்பேர்ணிலுள்ள தங்கையின் மகனை அழைத்தேன். கணனித் துறையில் இருப்பவன்.

“மாமா, ஒண்டையும் அழுத்தாதேங்கோ. நிப்பாட்டி நிப்பாட்டிப் போடவும் வேண்டாம். முதல்ல என்ன நடந்ததெண்டு வாசிப்பம்” என்றான்.

பழுதுபார்த்தல் என்பது கையால் செய்யும் வேலை என்றே எண்ணியிருந்தேன். அன்றைய நாளின் பெரும்பகுதி வாசிப்பதிலேயே கழிந்தது. வழங்கியின் நாட்குறிப்பு எனச் சொல்லக்கூடிய பதிவுக் கோப்பை அவன் வாசிக்கச் சொன்னான். 2022 ஜூன் நடுப்பகுதியில், இரண்டு வட்டுகளில் ஒன்றை வழங்கி கூட்டணியிலிருந்து விலக்கியிருந்தது. அதாவது, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக எனது ஆவணங்கள் அனைத்தும் ஒற்றை வட்டிலேயே இருந்திருக்கின்றன. இரண்டாவது வட்டு பெட்டிக்குள் வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது.

அடுத்து, வன்தட்டுகள் தம்மைத் தாமே கண்காணித்து எழுதிவைக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற உடல்நலக் குறிப்பைப் பார்த்தோம். அதில் நீண்டதோர் அட்டவணை உண்டு. நான்கு இலக்கங்களை மாத்திரம் பார்க்கும்படி மருமகன் சொன்னான். 5ஆம் இலக்கம், கெட்டுப்போனதால் மாற்றீடு செய்யப்பட்ட துண்டங்களின் எண்ணிக்கை. 197, வாசிக்க முடியாத நிலையில் காத்திருக்கும் துண்டங்கள். 198, திருத்தவே முடியாதவை. இவை பூச்சியத்திலிருந்து உயரத் தொடங்கினால் வட்டு நோயுற்றிருக்கிறது. 199 வேறு வகை: வட்டுக்கும் கணனிக்கும் இடையே தரவு போகும் வழியில் ஏற்பட்ட பிழைகள். அது உயர்ந்தால் சந்தேகிக்க வேண்டியது பெரும்பாலும் வட்டை அல்ல, கேபிளையே.

விலக்கப்பட்ட வட்டில் 5, 197, 198 மூன்றும் பூச்சியம். 199 மாத்திரம் ஆயிரங்களில் நின்றது. வட்டில் நோயில்லை. வெள்ளவத்தையின் கடற்காற்று கேபிளின் தொடுமுனையை அரித்திருந்தது. கடற்கரையோரம் குடியிருப்போர் அறிவார்கள்: இங்கு கதவுப் பிணைச்சல் முதல் தையல் ஊசி வரை துருப்பிடிக்கும். மறுபுறம், மூன்றாண்டுகளாகத் தனித்து உழைத்த வட்டில் 197ஆம் இலக்கம் நூற்றுக்கணக்கில் இருந்தது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூடியது. நலமானது வெளியே, நோயுற்றது உள்ளே.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். இக்குறிப்பை நம்பி மட்டும் இருந்துவிடவும் முடியாது. கூகிள் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வன்தட்டுகளை ஆராய்ந்து 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வின்படி, பழுதடைந்த வட்டுகளில் 36 சதவீதத்துக்கும் மேலானவை, வெப்பநிலையைத் தவிர்த்துப் பார்த்தால், இவ்வாறான எந்த அறிகுறியையும் முன்கூட்டிக் காட்டவில்லை. அறிகுறி தெரிந்தால் அஞ்சவேண்டும்; தெரியாவிட்டால் நிம்மதியடையக் கூடாது.

மாலையாகும்போது எனக்கு ஒரு யோசனை. மென்பொருளின் திரையில், விலக்கப்பட்ட வட்டைத் துடைத்து மீண்டும் கூட்டணியில் சேர்த்துக்கொள்ளும் வழி இருந்தது. கேபிளை மாற்றிவிட்டு அதனை அழுத்தினால் மீண்டும் இரண்டு பிரதிகள் ஆகிவிடுமே என்றேன்.

மருமகன் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “மாமா, அப்பிடிச் செய்தால் நல்ல வட்டை அழிச்சுப்போட்டு, வருத்தக்கார வட்டைப் பார்த்து எழுதச் சொல்லுறியள்” என்றான்.

அவன் சொன்னது புரிவதற்கு எனக்குச் சில கணங்கள் எடுத்தன. விலக்கப்பட்ட வட்டு, விலக்கப்பட்ட நாளில் அப்படியே உறைந்து நின்றது. 2022 ஜூன் நடுப்பகுதி வரை நான் சேமித்த அனைத்தும் அதில் சேதமின்றி இருந்தன. முல்லைத்தீவுப் படம் உட்பட. என் கை அந்தப் பொத்தானுக்கு மேலே இருந்தது.

வழங்கியை ஒழுங்காக நிறுத்தினோம். விலக்கப்பட்ட வட்டைக் கழற்றி வேறொரு கணனியில், எதுவும் எழுதப்படாத வகையில், வாசிப்பதற்கு மாத்திரம் திறந்தோம். கோப்பு திறந்தது. வானம், அணியம், பின்னர் அவர். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், வாயின் ஓரத்தில் நூல் துண்டு ஒன்றைக் கவ்வியபடி. இருபதாண்டுகளுக்கு மேற்பட்ட படம். அந்த நூல் துண்டை நான் மறந்தே போயிருந்தேன்.

நோயுற்ற வட்டில் 2022 ஜூனுக்குப் பிந்திய வேலைகள் இருந்தன. புதிய வட்டொன்றை வாங்கி, டிடிரெஸ்கியூ என்ற மென்பொருளால் அதற்குப் பிரதி எடுத்தோம். அது முதலில் இலகுவாக வாசிக்கக்கூடிய பகுதிகளை எடுத்துவிட்டு, கடினமான இடங்களுக்குப் பின்னர் மீண்டும் மீண்டும் வரும். சாகும் தறுவாயில் இருப்பவரிடம் முக்கியமான கேள்விகளை முதலில் கேட்பது போன்றது. இரண்டு இரவும் ஒரு பகலும் எடுத்தன. பெரும்பாலானவை கிடைத்தன. கிடைக்காதவற்றுள் 2022 ஜூலை மாதத்தில் காலிமுகத்திடலில் நான் ஒலிப்பதிவு செய்த நான்கு நேர்காணல்கள் அடக்கம். அவற்றில் ஒருவர் அதன் பின்னர் காலமாகிவிட்டார். அவர் என்ன சொன்னார் என்பது குறிப்பேட்டில் மூன்று வரிகளாக இருக்கின்றது. குரல் இல்லை.

நடந்ததைத் தொகுத்துப் பார்க்கிறேன். படம் தப்பியமைக்கு எனது ஏற்பாடு எதுவும் காரணமல்ல. துருப்பிடித்த ஒரு கேபிள், தற்செயலாக ஒரு வட்டைப் பிரித்து ஒதுக்கி வைத்தது. எனது ‘பாதுகாப்பு’ ஒழுங்காக வேலை செய்திருந்தால், இரண்டு வட்டுகளும் ஒரே பெட்டியில், ஒரே மின்சாரத்தில், ஒரே காற்றில் இருந்திருக்கும். ஒரே நாளில் வாங்கிப் பூட்டியவை ஒரே காலத்தில் மூப்படைந்திருக்கும். தவறுதலாக ஒரு கோப்புறையை நான் அழித்திருந்தால், இரண்டிலும் அக்கணமே அழிந்திருக்கும். கண்ணாடியின் இயல்பு அது. முன்னால் நடப்பதை அப்படியே காட்டும். முன்னர் இருந்ததை அது வைத்திருப்பதில்லை.

இதனைத் தனிமனிதனின் அறியாமை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2023 ஆகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணிமைக் கட்டமைப்பு, கப்பம் கோரும் தீநிரலின் தாக்குதலுக்கு உள்ளாகியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய தரவுகள் மீட்கப்படவில்லை. அக்காலப்பகுதிக்குத் தாக்குதலில் சிக்காத காப்புப்பிரதி இருக்கவில்லை என்பதே காரணம். ஓர் அரசின் நூறு நாள் கடிதப் போக்குவரத்து அவ்வாறு போனது. எனது அலுமாரியின் கீழ்த்தட்டுக்கும் அதற்கும் அளவில்தான் வேறுபாடு.

எமது சமூகத்துக்கு இந்தப் பாடத்தை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1981 மே 31ஆம் திகதி நள்ளிரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அச்சிட்ட நூல்களிற் பலவற்றுக்கு உலகில் வேறெங்கோ ஒரு பிரதி இருந்தது. அவை காலப்போக்கில் மீண்டும் வாங்கி அடுக்கப்பட்டன. வேறெங்கும் பிரதி இல்லாதிருந்த ஓலைச்சுவடிகளும் கையெழுத்துப் படிகளும் திரும்பி வரவில்லை. தீ வைத்தவர்களின் குற்றத்தை இது எவ்விதத்திலும் குறைக்காது. ஆயினும், அந்த இரவைப் பற்றி ஆண்டுதோறும் எழுதி வந்திருக்கும் நானே, ஈடில்லாத ஆவணங்களை ஒரே இடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாக உறங்கினேன் என்பதுதான் என்னை இப்பத்தியை எழுதவைத்தது.

காப்புப்பிரதிக்கு ஓர் எளிய விதி உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ 2005ஆம் ஆண்டளவில் பிரபலப்படுத்தியது. மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில். இதனுடன் நான் இன்னுமொன்றைச் சேர்ப்பேன்: ஒரு பிரதியேனும் மின்சாரத்திலும் வலையமைப்பிலும் தொடுக்கப்படாமல் இருக்கவேண்டும். தொடுப்பில் இருக்கும் எதனையும் தீநிரலும் இடியும் தொடும்.

இப்போது எனது வழங்கியில் யு.பி.எஸ். கேபிள் பூட்டப்பட்டிருக்கிறது, மின்சாரம் நின்று ஐந்தாவது நிமிடத்தில் அது தன்னை ஒழுங்காக நிறுத்திக்கொள்கிறது. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் ‘நலம்’ என்று ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறது. அது வராத திங்கட்கிழமைதான் நான் கவலைப்பட வேண்டிய நாள். மாதம் ஒருமுறை வெளி வன்தட்டு ஒன்றுக்குப் பிரதி எடுத்து, கழற்றி, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் வைக்கிறேன். இன்னொரு வட்டு கோண்டாவிலில் தங்கையின் வீட்டில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் புதுப்பிக்கிறேன். அது மறைகுறியாக்கப்பட்டது, கடவுச்சொல் மனைவியிடம் ஒட்டிய உறையில் இருக்கின்றது. எனக்குப் பின்னர் அதனைத் திறக்க ஒருவர் வேண்டும் அல்லவா?

இவை யாவற்றையும் விட முக்கியமானது, பிரதியிலிருந்து உண்மையாகவே ஒரு கோப்பை எடுத்துத் திறந்து பார்ப்பது. அவ்வாறு பார்க்கத் தொடங்கியபோது இன்னோர் அதிர்ச்சி காத்திருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் எழுதிய பத்திகள் கோப்பாகச் சேதமின்றி இருந்தன. திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பை. அவை பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணனிக்கு அது தமிழ் என்று தெரியாது. பேஜ்மேக்கரில் பக்கமாக்கியவற்றின் நிலை இன்னும் மோசம். வட்டு காத்தது வெறும் எண்களையே. வாசிப்பதற்கான திறவுகோலைக் காப்பது எனது வேலை. இப்போது மாலை வேளைகளில் ஒவ்வொன்றாக யுனிகோடுக்கு மாற்றி வருகிறேன். மூலக் கோப்பையும் எழுத்துருவையும் அருகிலேயே வைக்கிறேன்.

இந்த வேலைகளுக்கிடையே ஒரு கேள்வி எழுந்தது. இத்தனை பாடுபட்டு நான் பூட்டி வைத்திருப்பவற்றில் எத்தனை உண்மையில் பூட்டி வைக்கப்பட வேண்டியவை? வாக்குக் கொடுத்த குரல்கள் பூட்டில் இருக்கட்டும். மற்றவை? பழைய சிற்றிதழ்கள், மலர்கள், கைவிடப்பட்ட பத்திரிகைகளின் நறுக்குகள் ஆகியவற்றை வகைப்படுத்தத் தொடங்கியிருக்கிறேன். 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘நூலகம்’ எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகளிடம் அவற்றைக் கையளிக்க எண்ணம். படங்களில் இருப்பவர்களுக்கு, தேடிக் கண்டுபிடிக்க முடிந்தால், அவரவர் படங்களை அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். அவர்களது முகங்களுக்கு நான் காவலாளி மாத்திரமே, உரிமையாளன் அல்லன்.

முல்லைத்தீவுக்குப் படத்தை அனுப்பிய அன்று பதில் எதுவும் வரவில்லை. மறுநாள் மாலையில் அம்மையார் அழைத்தார். நெடுநேரம் வேறு விடயங்களைப் பேசினார். கலியாண நாளைச் சொன்னார். கட்டாயம் வரவேண்டும் என்றார். கடைசியாக, “பெரிய மகன் கனடாவில, மற்றவன் பிரான்ஸில. ரெண்டு பேருக்கும் அனுப்பிப்போட்டன். கடையில குடுத்துப் பெரிசாக் கழுவிச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில கொழுவியும் போட்டன் தம்பி” என்றார்.

தொலைபேசியை வைத்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். மூன்று நாடுகள், குறைந்தது நான்கு பிரதிகள், அவற்றில் ஒன்று மின்சாரமே தேவைப்படாதது. ஒரே நாளில் அவர் செய்து முடித்ததை, நான்கு டெராபைட் வட்டுகளுடன் நான்காண்டுகளில் நான் செய்திருக்கவில்லை.